மறைந்துகிடக்கும் மணிகள்: சென்னை இசைத்தட்டுகளில் ராக் இசையின் சுவடுகள்

சிலப்பதிகாரத்திற்கு உரை வகுத்த அடியார்க்கு நல்லார், தம் காலத்திற்கு முன்பே இறந்துபட்ட இசைத்தமிழ் நூல்கள் என்று பெருநாரை, பெருங்குருகு முதலியவற்றைச் சுட்டிச் செல்கிறார். அங்கே பெயர் எஞ்சியது, நூல் போயிற்று. நம் காலத்துச் சென்னையில் அதற்கு நேர்மாறானதொரு நிலையைக் காண்கிறோம். இசை எஞ்சியிருக்கிறது, இசைத்தவர் பெயர்கள் போய்க்கொண்டிருக்கின்றன. 1960கள் தொடங்கி 1980கள் வரை இந்நகரில் பதிவான திரையிசைத் தட்டுகளையே இவ்வாறு குறிப்பிடுகிறோம். மேனாட்டு ராக் இசையின், அதிலும் ‘சைக்கெடெலிக்’ என வழங்கும் பிரிவின், அரிய கூறுகள் பல அத்தட்டுகளில் கேட்பாரற்றுக் கிடக்கின்றன. அவற்றை எங்கே தேடுவது, எவ்வாறு இனங்காண்பது என்பதை மாணவர்க்கு விளக்குதல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சொல்லும் பொருளும்

அமெரிக்கக் கறுப்பின மக்களின் ‘புளூஸ்’ இசையும் அந்நாட்டு நாட்டுப்புற இசையும் கலந்து 1950களில் உருவானது ராக் இசை. அதிலிருந்து 1960களின் நடுவில் கிளைத்தது சைக்கெடெலிக் இசை. ஹம்ஃப்ரி ஆஸ்மண்ட் என்னும் மனநல மருத்துவர் 1950களில் இரு கிரேக்கச் சொற்களை இணைத்து ஆக்கிய இச்சொல்லுக்கு, உள்ளத்தைப் புலப்படுத்துவது என்று பொருள் கொள்ளலாம். இவ்விசையோடு போதைப்பழக்கமும் ஒட்டிவந்தது உண்மை. பெரியோர் இப்பெயரைக் கேட்டதும் முகம் சுளிப்பராயின் அதில் நியாயம் உண்டு. நாமும் அப்பழக்கத்திற்காக வாதாட வரவில்லை. ஆயினும் பழக்கம் வேறு, ஓசை நுட்பம் வேறு. மின்கிதாரின் ஒலியை வேண்டுமென்றே சிதைத்துக் கரகரப்பாக்குதல், காலால் அழுத்தும் மிதிகட்டையால் ஒலியை வாய்திறந்து மூடுவதுபோல் விரித்துச் சுருக்குதல், ஒலிநாடாவைப் பின்னோக்கி ஓட்டுதல், எதிரொலியை அடுக்கடுக்காகப் படரவிடுதல் ஆகியனவே அதன் நுட்பங்கள். இவற்றுள் எதற்கும் மயக்கம் தேவையில்லை. பொறுமையான காதும், தேர்ந்த ஒலிப்பதிவாளரும் இருந்தாற் போதும்.

மற்றொன்றும் ஈண்டுக் கருதத்தக்கது. இவ்விசையின் அடித்தளமாக நின்று ஒலிக்கும் சுருதி மேனாட்டார் நம்மிடமிருந்து பெற்றதாகும். பீட்டில்ஸ் குழுவினரின் 1965ஆம் ஆண்டு இசைத்தட்டில் சித்தார் ஒலித்தது. 1966இல் அவர்கள் வெளியிட்ட ‘ரிவால்வர்’ தட்டின் இறுதிப் பாடல் தம்புரா ஒலியோடு தொடங்குகிறது. அவ்வாண்டே ஜார்ஜ் ஹாரிசன் ரவிசங்கரிடம் சித்தார் பயில வந்தார். ஆகவே இவ்விசை சென்னைக்கு வந்தபோது முற்றிலும் அயலாராய் வரவில்லை; வெளிநாடு சென்று உடை மாற்றித் திரும்பிய உறவினரைப் போல வந்தது எனலாம்.

மயிலாப்பூர் முதல் கோடம்பாக்கம் வரை

வந்த இசையை வரவேற்க இங்கே ஆயத்தமான கைகள் இருந்தன. தேவாலயங்களில் மேனாட்டு இசைக்குறிப்பு பயின்றவர்களும், ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களைச் சேர்ந்த வாத்தியக் கலைஞர்களும் அக்காலத் திரையிசைக் குழுக்களில் இடம்பெற்றனர். மயிலாப்பூரில் வாழ்ந்த தன்ராஜ் மாஸ்டர் எத்தனையோ பேருக்கு மேனாட்டிசை கற்பித்தார். இளையராஜா அவரிடம் பயின்று, பின்னர் இலண்டன் டிரினிடி இசைக்கல்லூரியின் கிதார்த் தேர்விலும் சிறப்புற்றது பலரும் அறிந்த செய்தி. ஆனால் அந்த ஆசானைப் பற்றி மாணவர் ஒருவர் விரிவாக எழுத முற்பட்டால், எடுத்துக்கொள்ளக் கிடைக்கும் ஏடுகள் மிகச் சிலவே.

விசுவநாதன்-இராமமூர்த்தி இணையர் இசையமைத்த ‘காதலிக்க நேரமில்லை’ (1964) படத்திலேயே ராக் இசையின் துள்ளலைத் தெளிவாகக் கேட்கலாம். பின்னர் எம்.எஸ். விசுவநாதன் தனித்து இசையமைத்த ‘சிவந்த மண்’ (1969) போன்ற படங்களில் இசைக்குழு பெரிதாயிற்று, ஓசைகளும் துணிவு பெற்றன. கே. பாலசந்தரின் ‘நினைத்தாலே இனிக்கும்’ (1979) ஒரு தமிழ் இசைக்குழு சிங்கப்பூருக்குச் செல்லும் கதை. அதில் ரஜினிகாந்த் பாடுவதாக வரும் பாடலுக்கு விசுவநாதனே குரல் கொடுத்தார். கருநாடக இசையில் ஊறிய ஒருவர், ஐம்பது வயதில், இளைஞர் இசையை எள்ளாமலும் அஞ்சாமலும் தம்முடையதாக்கிக்கொண்ட அந்த வேகத்தைக் கேட்டவர் மறவார்.

1976இல் ‘அன்னக்கிளி’ வழி அறிமுகமான இளையராஜாவின் முதற் பத்தாண்டுகள் இத்துறைக்குப் பெருஞ்சுரங்கம். அவரைக் கிராமிய இசையோடு மட்டும் பிணைத்துப் பேசுவது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. ‘சிகப்பு ரோஜாக்கள்’ (1978), அவரது நூறாவது படமான ‘மூடுபனி’ (1980), ‘விக்ரம்’ (1986) ஆகியவற்றை ஒருமுறை கவனித்துக் கேட்பவர், தாழ்சுருதிக் கிதார் பாடலின் முதுகெலும்பாய் நிற்பதையும், மின்னணுக் கருவிகள் பின்னணியில் பின்னுவதையும் உணர்வர்.

எங்கே தேடுவது?

இத்தகைய மணிகள் பெரும்பாலும் பல்லவியில் இல்லை; இடையிசையில் உள்ளன. குரல் ஓய்ந்து அடுத்த சரணம் தொடங்குமுன் வரும் அரை நிமிடத்திலேதான் இசையமைப்பாளருக்கு முழு உரிமை கிட்டியது. நாம் அந்நேரத்தில் பேசத் தொடங்கிவிடுகிறோம்.

இன்னொரு புதையல், நல்லோர் கேட்கக் கூசும் விடுதி நடனப் பாடல்கள். எல்.ஆர். ஈஸ்வரி போன்றோர் பாடிய அப்பாடல்களின் சொற்களையும் காட்சிகளையும் நாம் போற்றவில்லை. எனினும் ‘தீயவர்’ கூடுமிடத்தைக் காட்டும் பொருட்டு அங்கே எந்த ஓசைக்கும் இடமளிக்கப்பட்டது. குடும்பப் பாடலில் அனுமதிக்கப்படாத கரகரத்த மின்கிதாரும், பாங்கோ முழக்கமும், டிரம்பெட்டின் அலறலும் தடையின்றி நுழைந்தன. இழிந்ததெனத் தள்ளிய பகுதியில் புதுமை தழைத்தது ஒரு விந்தையே.

மூன்றாவது இடம் படத்தின் பின்னணி இசையும் எழுத்தோட்ட இசையும் ஆகும். இவை பெரும்பாலும் தட்டில் ஏறவில்லை. படச்சுருள் அழிந்தால் உடன் அழிவன. தட்டில் ஏறிய பாடலும் படத்தில் ஒலிக்கும் பாடலும் எல்லாவிடத்தும் ஒன்றாக இரா. நிமிடக் கணக்குக்காகத் தட்டில் சுருக்கியதும் உண்டு, காட்சிக்காகப் படத்தில் வெட்டியதும் உண்டு. சுவடிப் பதிப்பில் பாடபேதம் நோக்கிப் பழகிய தமிழ்த்துறை மாணவர்க்கு இது புதிய வேலையன்று. பெசன்ட் நகரில் உ.வே.சா. நூல்நிலையத்துக்குச் சென்று ஏடுகளைக் கண்டவர்கள், அதே கண்ணோடு ஒரு தட்டின் நடுத்தாளை நோக்குக. நிறுவனத்தின் பெயர், வரிசை எண், படப்பெயர், பாடியோர் பெயர் அதில் இருக்கும். தட்டின் உட்புற விளிம்பில், பாடல் முடிந்து நடுத்தாள் தொடங்குமுன், கீறிய எண் ஒன்றும் இருக்கும். அதுவே அப்பதிவின் பிறப்புச் சான்று. ஏழங்குலமுடைய, நிமிடத்திற்கு 45 சுற்றுச் சுழலும், பெரும்பாலும் நான்கு பாடல் கொண்ட தட்டுகளே தமிழ்த் திரையிசைக்கு மிகுதியாக வந்தவை.

திரைக்கு வெளியேயும் இசை இருந்தது. சிம்லா என்னும் சிகரெட்டின் விளம்பரத்திற்காக நடத்திய அனைத்திந்தியப் போட்டியில் பல நகரங்களின் இளைஞர் குழுக்கள் பங்கேற்றன. அவர்களின் பாடல்கள் 1970, 1971ஆம் ஆண்டுகளில் இரு நெடுந்தட்டுகளாயின. புகையிலை வணிகர் தயவில் நம் இளைஞரின் ராக் பதிவுகள் சில பிழைத்தன என்பது கசப்பான வேடிக்கை. அத்தட்டுகள் பிற்காலத்தில் ஐரோப்பாவில் மறுபதிப்புப் பெற்றன. ஆனால் 1996இல் ‘சாரங்’ எனப் பெயர் மாறிய சென்னை ஐ.ஐ.டி. விழாவின் முந்தைய ஆண்டுகளில், அடையாற்றுக்கருகே திறந்த வெளியில் இளைஞர் குழுக்கள் வாசித்தவற்றுள் பெரும்பகுதி காற்றோடு போயிற்று. ஏ.ஆர். ரகுமானும் இத்தகைய குழுக்களில் வாசித்து வளர்ந்தவரே. ‘ரோஜா’வுக்கு (1992) முன் அவர் இசையமைத்த ‘தீன் இசை மாலை’ என்னும் இஸ்லாமியப் பாடல்களின் ஒலிநாடா நம் வீடுகள் சிலவற்றில் இன்னும் இருக்கக்கூடும். இயக்கும் கருவி இல்லையென்று அதை எறிந்துவிடாதிருத்தல் நன்று.

அயலார் கண்டெடுத்தவை

1985 மே 30 அன்று மூர் மார்க்கெட் எரிந்தபோது பழைய நூல்களோடு பழைய தட்டுகளும் சாம்பலாயின. எஞ்சியவற்றை ஒலிநாடா வெளியேற்றியது. நாடாவைக் குறுந்தட்டு வெளியேற்றியது. தியாகராய நகரிலும் மயிலாப்பூரிலும் வீடுகள் இடிந்து அடுக்ககங்கள் எழுந்தபோது, பரண்மேல் இருந்தவை எடைக்குப் போயின.

அவற்றுள் சிலவற்றை அயலார் தேடி எடுத்தனர். இளையராஜாவின் 1977 முதல் 1983 வரையான பாடல்களைத் தொகுத்து ‘சொல்ல சொல்ல’ என்னும் பெயரில் வெளியிட்டது ‘ஃபைண்டர்ஸ் கீப்பர்ஸ்’ என்னும் பிரித்தானிய நிறுவனம். துருக்கிப் பாடகி செல்டாவின் 1976ஆம் ஆண்டுத் தட்டுக்கு மறுவாழ்வு தந்ததும் அதே நிறுவனம்தான். அத்தட்டில் துருக்கியரின் சாஸ் என்னும் நரம்புக்கருவி ராக் இசையோடு கைகோப்பதைக் கேட்டால் நம் இசைக்கும் அதற்கும் உள்ள உறவு விளங்கும். ‘ஸ்ரீ ராகவேந்திரர்’ (1985) படப்பாடல் ஒன்றின் பகுதியை அமெரிக்கக் குழுவான ‘பிளாக் ஐட் பீஸ்’ 2003இலும், ‘தளபதி’ (1991) பாடலொன்றின் பகுதியை ஈழத்தமிழ்க் குடும்பத்துப் பாடகி எம்.ஐ.ஏ. 2007இலும் எடுத்தாண்டனர்.

இவற்றினும் சரண்ஜித் சிங்கின் கதை சிந்தைக்குரியது. மும்பைத் திரையிசைக் குழுக்களில் கிதார் வாசித்த அவர், 1982இல் பத்து இராகங்களை மின்னணுக் கருவிகளில் இசைத்து ஒரு தட்டு வெளியிட்டார். வாங்குவாரில்லை. 2002இல் நெதர்லாந்தைச் சேர்ந்த எடோ பௌமன் அத்தட்டைத் தில்லிக் கடையொன்றில் கண்டார். 2010இல் மறுபதிப்பு வந்தது. சிக்காகோ இளைஞர் 1987இல் ‘ஆசிட்’ எனப் பெயரிட்டு வெளியிட்ட நடன இசையின் ஓசை, அதற்கு ஐந்தாண்டு முன்பே மும்பையில் பிறந்திருந்தது கண்டு உலகம் வியந்தது. 2015இல் மறையுமுன் அவர் மேனாட்டு மேடைகளில் வாசித்து மகிழ்ந்தார். தட்டின் உறையில் அவர் பெயர் இருந்தமையால் அவரைத் தேடிக் காண முடிந்தது என்பதைக் குறித்துக்கொள்க.

சென்னைத் தட்டுகளின் உறையில் அந்த வசதி பொதுவாக இல்லை. கதாநாயகர் பெயர், பாடகர் பெயர், கவிஞர் பெயர், இசையமைப்பாளர் பெயரோடு நின்றுவிடும். திரையரங்க வாயிலில் விற்ற பாட்டுப் புத்தகமும் அவ்வாறே. பிலிப்ஸ் (கிதார்), மங்களமூர்த்தி (அக்கார்டியன்), நோயல் கிராண்ட் (டிரம்ஸ்) ஆகியோர் விசுவநாதன் குழுவிலும், சதானந்தம் (கிதார்), சசிதரன் (தாழ்சுருதிக் கிதார்), புருஷோத்தமன் (டிரம்ஸ்), விஜி மேனுவல் (கீபோர்டு) ஆகியோர் இளையராஜா குழுவிலும் வாசித்தனர் என்பது நேயர்களின் நினைவாலும் இசைஞர் அளித்த நேர்காணல்களாலும் தெரியவருகிறது. எந்தப் பாடலில் எவர் கை என்பதைக் கூறப் பெரும்பாலும் ஏடு இல்லை. கம்போடியாவில் சின் சிசமுத், ரோஸ் செரி சொதியா முதலிய பாடகர்களையும் அவர்களின் இசையையும் 1975க்குப் பின் வந்த கொடுங்கோல் ஆட்சி அழித்தது. இங்கே அத்தகைய கொடுமை எதுவும் நிகழவில்லை; எவரும் கேட்டு எழுதவில்லை, அவ்வளவே.

தட்டு கிடைத்தால்

வீட்டில் தட்டு கிடைப்பின் படுக்கையாக அடுக்கலாகாது. நூல்களைப் போல் நிறுத்தி வைத்தல் வேண்டும். வெயில் படின் வளையும். தூய நீரும் மெல்லிய துணியும் கொண்டு சுழற்சியின் திசையில் துடைக்கலாம். நிமிடத்திற்கு 78 சுற்றுச் சுழலும் பழைய அரக்குத் தட்டில் ஸ்பிரிட் கலந்த நீர்மம் படவே கூடாது, அரக்கு கரைந்துவிடும். பின்னர் ஒரு குறிப்பேட்டில் நடுத்தாளிலுள்ள அனைத்தையும், விளிம்பிலுள்ள எண்ணையும், தட்டு எவர் வீட்டினின்று வந்தது என்பதையும் எழுதி, ‘வாசித்தோர்’ என ஒரு கட்டத்தை வெறுமையாய் விடுக.

அக்கட்டத்தை நிரப்பத் தொடங்க ஏற்ற இடம் ஒன்று உண்டு. ‘சர்வர் சுந்தரம்’ (1964) படத்தில் பாடற்பதிவையே காட்சியாக்கியிருக்கின்றனர். விசுவநாதன் குழுவை நடத்துகிறார், டி.எம். சௌந்தரராசன் ஒலிவாங்கியின் முன் நின்று பாடுகிறார். வயலினும் கிதாரும் குழலும் ஏந்திய கலைஞர்கள் ஒருவர்பின் ஒருவராய்த் திரையில் வந்து போகின்றனர். முகங்கள் தெளிவாகத் தெரிகின்றன. படத்தை நிறுத்தி நிறுத்தி மூத்த இசைஞர்களிடம் காட்டி, இவர் யார், அவர் யார் என்று கேட்டு எழுதலாம். அன்று இருபது வயதில் அங்கே அமர்ந்து வாசித்தவருக்கு இன்று எண்பது கடந்திருக்கும்.