காற்றுச் சம்மட்டியும் கிராமக் கொல்லுப்பட்டறையும்

போடிநாயக்கனூரிலிருந்து போடிமெட்டுக்கு ஏறும் மலைச்சரிவுகளில் ஏலமும் காப்பியும் பயிராகின்றன. அத்தோட்டங்களில் களை நீக்கவும், நிழல் மரங்களைக் கவாத்துச் செய்யவும், குழி தோண்டவும் அரிவாள், மண்வெட்டி, கடப்பாரை ஆகியவை ஓயாது வேண்டியிருக்கின்றன. இவற்றை அடிக்கக் கொல்லர் ஒருவர் மட்டும் போதாது. அவர் குறட்டால் இரும்பைப் பிடித்திருக்க, எதிரே நின்று சம்மட்டி போடவும் ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் கிடைக்காத நாளில் வேலை நின்றுவிடும்.

இக்குறையை நீக்க வல்லது காற்றுச் சம்மட்டி யந்திரம். 1842-ல் இங்கிலாந்தில் ஜேம்ஸ் நாஸ்மித் என்பவர் நீராவிச் சம்மட்டிக்குக் காப்புரிமை பெற்றார். அதற்குக் கொதிகலம் அவசியம். காற்றுச் சம்மட்டிக்கோ மின்சார மோட்டார் ஒன்றே போதும்.

இதில் இரண்டு உருளைகள் உண்டு. மோட்டாரால் சுழலும் வளைதண்டு முதல் உருளையின் பிஸ்டனை மேலும் கீழுமாய் இயக்குகிறது. அங்கு அழுத்தமடையும் காற்று, வால்வு வழியாக இரண்டாம் உருளைக்குச் சென்று, கனத்த சம்மட்டித் தலையை உயர்த்தியும் கீழே தள்ளியும் அடிக்கச் செய்கிறது. சிறிய யந்திரங்கள் நிமிஷத்துக்கு ஏறக்குறைய 200 அடிகள் அடிக்கும். மிதிகட்டையை மெல்ல அமிழ்த்தினால் இலேசான அடியும், நன்றாய் அமிழ்த்தினால் பலத்த அடியும் விழும்.

யந்திரத்தை அமைப்பதில் கவனிக்க வேண்டியவை சில உண்டு. தலையின் கனம் இருமடங்கானால் அடியின் சக்தியும் இருமடங்காகும். இறங்கும் வேகம் இருமடங்கானாலோ சக்தி நான்கு மடங்காகும். பட்டறைக்கல் தலையைப்போல் பத்து மடங்குக்குக் குறையாத கனமுள்ளதாய் இருத்தல் வேண்டும். இன்றேல் அடியின் சக்தி இரும்பில் இறங்காமல் தரையை அதிரச் செய்து வீணாகும். கல்லின் அடியில் கனத்த மரக்கட்டைகளை இட்டு, உறுதியான கான்கிரீட் அஸ்திவாரம் போடுவது நலம். பிஸ்டன் வளையங்கள் தேய்ந்து காற்றுக் கசிந்தால் அடி தளரும்.

எனினும், யந்திரம் கொல்லரின் கண்ணுக்கு ஈடாகாது. எஃகு செம்மஞ்சள் நிறமாய் இருக்கையில் அடிக்க வேண்டும். நிறம் மங்கிக் கருஞ்சிவப்பான பின்பும் அடித்தால் விரிசல் காணும். அரிவாளின் வாய்க்குக் கடினம் ஏற்றுவதும் அவருடைய அனுபவத்தைப் பொறுத்ததே.

ஒரு பட்டறையின் வேலை மட்டும் இந்த யந்திரத்துக்குப் போதாது. அதன் விலையும் ஒருவரால் தாங்கத்தக்கதன்று. ஆதலால் பல கொல்லர்கள் சங்கமாய்ச் சேர்ந்து வாங்கி, முறை வைத்து உபயோகித்து, மணிக்கணக்கில் கட்டணம் செலுத்தி, அதில் ஒரு பகுதியைப் பழுது பார்ப்பதற்கென ஒதுக்குவது உசிதம். பயிற்சி பெறாதவரை மிதிகட்டையருகே விடலாகாது. வேலை செய்வோர் கண்ணுக்கும் காதுக்கும் காப்பு அணிதல் வேண்டும். இவ்வேற்பாடுகள் இருப்பின், சம்மட்டி ஆள் வராத நாளிலும் உலை எரியும்.