ஒரு துளையால் ஒப்பரேஷன்: மறுநாளே கூடை தூக்கலாமா?



போன மாதம் லீவு எடுத்துக்கொண்டு யாழ்ப்பாணத்துக்கு, எங்கள் ஊருக்குப் போயிருந்தேன். மானிப்பாயில் இருக்கும் பெரியம்மாவையும் போய்ப் பார்த்தேன். அவவுக்கு இளம் வயதில் பித்தப்பைக் கல்லுக்கு ஒப்பரேஷன் செய்தது. வலது விலாவுக்குக் கீழே ஒரு சாண் நீளத்துக்குத் தழும்பு இன்னும் இருக்கிறது. கனடாவில் இருக்கும் பேரன் அவவுக்குக் கைபேசியில் ஒரு படம் அனுப்பியிருக்கிறான். தொப்புளில் ஒரேயொரு துளை போட்டு, ரோபோ என்ற இயந்திரத்தைக் கொண்டு வயிற்றுக்குள் ஒப்பரேஷன் செய்கிற படம். பெரியம்மா அதைக் காட்டி, "தம்பி, இது உண்மையோ? அப்ப எனக்கேன் இவ்வளவு நீளத்துக்கு வெட்டினவை?" என்று கேட்டா.

திரும்பி வந்த பிறகு பெரட்டில் இந்தக் கதையைச் சொன்னேன். கொழுந்துக்குப் போகும் அக்கா ஒருவர், "அப்ப ஒத்த ஓட்டை போட்டா மறுநாளே கூடை தூக்கலாமாங்க ஐயா?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த அக்காவுக்கும் பித்தப்பையில் கல் இருக்கிறது. ஆஸ்பத்திரியில் இரண்டு தரம் திகதி கொடுத்தும் அவர் போகவில்லை. ஒரு நாள் நின்றால் ஒரு பேர் போய்விடும் என்ற பயம்தான் காரணம். ஆகவே பெரியம்மாவின் கேள்விக்கும் அக்காவின் கேள்விக்கும் சேர்த்து இங்கே பதில் எழுதுகிறேன்.

பெரிய வெட்டிலிருந்து சின்னத் துளைக்கு

முந்தி வயிற்றுக்குள் எந்த உறுப்பில் வருத்தம் என்றாலும், வைத்தியரின் கையும் கண்ணும் உள்ளே போகிற அளவுக்கு வெட்டித்தான் ஆக வேண்டும். பெரியம்மாவின் தழும்பு அந்தக் காலத்துத் தழும்பு. அது யாருடைய பிழையும் இல்லை. அன்றைக்கு வேறு வழி இருக்கவில்லை.

1985 ஆம் ஆண்டு ஜெர்மனியில் எரிக் மூஹே என்ற வைத்தியர், சின்னத் துளைகள் மூலமாகக் குழாய் விட்டுப் பித்தப்பையை எடுத்துக் காட்டினார். இதைத்தான் லப்பரஸ்கோபி என்கிறோம். வயிற்றுக்குள் காற்றைச் செலுத்திக் கூடாரம் போல உயர்த்துவார்கள். ஒரு துளையால் சின்னக் கமெரா போகும். மற்றத் துளைகளால் நீண்ட கம்பி போன்ற கருவிகள் போகும். வைத்தியர் டெலிவிஷன் திரையைப் பார்த்துக்கொண்டு வேலை செய்வார். வழக்கமாக மூன்று அல்லது நான்கு துளைகள் போடுவார்கள்.

இந்தியாவில் 1990 இல் பம்பாயில் டொக்டர் உத்வாடியா இந்த முறையில் பித்தப்பையை எடுத்தார். தமிழ்நாட்டில் இதைப் பரப்பியவர்களில் முக்கியமானவர் கோயம்புத்தூர் ஜெம் ஆஸ்பத்திரியின் டொக்டர் பழனிவேலு. அவரைப் பற்றி நம் பிள்ளைகள் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும். நாமக்கல் பக்கத்து ஏழைக் குடும்பத்தில் பிறந்து, சிறு வயதில் மலேசியாவுக்குப் போய், செம்பனைத் தோட்டத்தில் கூலி வேலை செய்தவர் அவர். பிறகு ஊர் திரும்பிப் பிந்திய வயதில் பள்ளிப் படிப்பை முடித்து, சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்து வைத்தியரானார். தோட்டத்தில் வேலை செய்த கைதான் பிறகு அந்த நுட்பமான வேலையையும் பழகியது.

ரோபோ என்றால் மெஷின் தானாக வெட்டுமா?

இதுதான் எல்லோருக்கும் இருக்கும் சந்தேகம். தானாக வெட்டாது. வைத்தியர் அதே அறையில் ஒரு மேசையில் உட்கார்ந்து, உள்ளே இருப்பதைப் பெரிதாக்கிப் பார்த்தபடி, இரண்டு கைப்பிடிகளை அசைப்பார். அவர் கை அசைகிற மாதிரியே நோயாளிக்குப் பக்கத்தில் இருக்கும் இயந்திரக் கை அசையும். அவர் கையை எடுத்தால் அதுவும் நின்றுவிடும். மயக்க மருந்து கொடுக்கும் வைத்தியரும் தாதிமாரும் பக்கத்திலேயே இருப்பார்கள். டாவின்சி என்ற இந்த ரோபோவுக்கு 2000 ஆம் ஆண்டில் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. சென்னை ஓமந்தூரார் அரசு ஆஸ்பத்திரியிலும் 2022 இல் ரோபோ ஒப்பரேஷன் தொடங்கினார்கள்.

அந்த ரோபோவுக்கும் பல துளைகள் வேண்டும். எல்லாவற்றையும் ஒரே துளையால் விட்டால் என்ன என்று வைத்தியர்கள் யோசித்தார்கள். அதில் ஒரு கஷ்டம் இருக்கிறது. வாய் ஒடுங்கிய போத்தலுக்குள் மூன்று அகப்பையை விட்டுக் கிண்டிப் பாருங்கள். ஒன்றோடொன்று இடிபடும். நேரான கருவிகளுக்கும் அதே கதைதான். ஆகவே உள்ளே போன பிறகு முழங்கை மாதிரி மடங்கி விரிகிற கருவிகளைச் செய்தார்கள். டாவின்சி எஸ்.பி. என்ற ரோபோவில் இரண்டரை சென்ரிமீற்றர் அகலமான ஒரே குழாய்க்குள் மூன்று கருவிகளும் ஒரு கமெராவும் போகின்றன.

எப்படிப் பரீட்சித்துப் பார்த்தார்கள்?

ஒரு புதுக் கருவியைச் செய்தவுடன் நேரே நோயாளியிடம் கொண்டுவர முடியாது. முதலில் பொம்மை உடம்பில், பிறகு மிருகங்களில் அல்லது இறந்தவர்களின் உடலில் பழகுவார்கள். அதன் பிறகு சம்மதம் சொன்ன ஒரு சிலருக்கு மட்டும் செய்து, வருஷக் கணக்கில் அவர்களைக் கவனிப்பார்கள்.

இந்த ஒரு துளை ரோபோவை 2010 இல் பிரான்ஸ் நாட்டின் லீல் நகரில் 19 பேருக்குச் செய்து பார்த்தார்கள். சிலருக்குப் புரோஸ்டேட் சுரப்பி, சிலருக்குச் சிறுநீரகம். அதன் இன்றைய மாதிரிக்கு அமெரிக்காவில் சிறுநீர் சம்பந்தமான ஒப்பரேஷன்களுக்கு அனுமதி கிடைத்தது 2018 இல். எட்டு வருஷம் என்பதைக் கவனியுங்கள்.

இன்னொன்று மீரா என்ற சின்ன ரோபோ. அமெரிக்காவின் நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தில் உருவானது. ஒரு கிலோவுக்கும் குறைந்த பாரம். பெருங்குடலில் ஒரு பகுதியை எடுக்கும் ஒப்பரேஷனுக்கு அமெரிக்காவில் 30 பேரிடம் பரீட்சித்து, 2024 பெப்ரவரியில் அனுமதி பெற்றார்கள். விண்வெளி நிலையத்துக்கு அனுப்பப்பட்ட அதன் ஒரு வகையை, அதே மாதம் பூமியில் இருந்தபடியே வைத்தியர்கள் இயக்கி ரப்பர் பட்டிகளை வெட்டிப் பார்த்தார்கள். வைத்தியர் இல்லாத தூர இடத்துக்கும் ஒரு நாள் இது உதவலாம் என்பது அவர்கள் நம்பிக்கை.

பரீட்சை சொல்லித் தந்த பாடம்

இவ்வளவு பரீட்சை ஏன்? சின்னக் காயம் என்றால் நல்லதுதானே? அப்படித்தான் நானும் நினைத்திருந்தேன். இரண்டு விஷயங்களை அறிந்த பிறகு என் நினைப்பு மாறியது.

முதலாவது, பித்தப்பை. ரோபோ இல்லாத சாதாரண லப்பரஸ்கோபியில் ஒரு துளை முறையையும் நான்கு துளை முறையையும் 200 நோயாளிகளில் ஒப்பிட்டு, 2013 இல் முடிவை வெளியிட்டார்கள். ஒரு துளை போட்டவர்களுக்குத் தழும்பு அழகாக இருந்தது. ஆனால் நோவு கூடுதலாக இருந்தது. ஒரு வருஷத்துக்குள் அந்தத் துளை போட்ட இடத்தில் தசை விலகிக் குடலிறக்கம் வந்தவர்கள் 100 பேரில் 8 பேருக்கு மேல். நான்கு துளை போட்டவர்களில் 100 க்கு ஒருவர் அளவில்தான். காரணம் விளங்குகிறதா? எல்லாக் கருவியும் ஒரே இடத்தால் போவதற்குத் தொப்புளில் போடும் துளை மற்றத் துளைகளை விடப் பெரிது. எண்ணிக்கையில் ஒன்று, அளவில் பெரிது. மலையில் ஏறி இறங்கிப் பாரம் சுமக்கும் நமக்கு, தழும்பின் அழகை விடத் தசையின் பலம்தான் முக்கியம்.

இரண்டாவது, கர்ப்பப்பைக் கழுத்துப் புற்றுநோய். ஆரம்ப நிலையில் இருக்கும்போது கர்ப்பப்பையைச் சுற்றியுள்ள பகுதியோடு எடுத்துவிடுவார்கள். அதைச் சின்னத் துளையால் செய்வதே மேல் என்று உலகம் முழுக்கப் பல வைத்தியர்கள் நம்பினார்கள். 631 பெண்களை இரண்டு கூட்டமாகப் பிரித்துப் பரீட்சித்தார்கள். ஒரு கூட்டத்துக்கு வயிற்றைத் திறந்து ஒப்பரேஷன். மற்றக் கூட்டத்துக்கு லப்பரஸ்கோபி அல்லது ரோபோ. 2018 இல் வெளிவந்த முடிவு எல்லோரையும் திடுக்கிட வைத்தது. நாலரை வருஷம் கழித்து நோய் திரும்பாமல் உயிரோடு இருந்தவர்கள், திறந்து செய்த கூட்டத்தில் நூற்றுக்கு 96.5, சின்னத் துளைக் கூட்டத்தில் நூற்றுக்கு 86. இதற்குப் பிறகு பல நாடுகளில் வைத்தியர்கள் இந்தப் புற்றுநோய்க்குத் திறந்து செய்யும் முறைக்கே திரும்பினார்கள்.

இதைப் படித்துவிட்டு யாரும் லப்பரஸ்கோபிக்குப் பயப்பட வேண்டாம். இந்த முடிவு அந்த ஒரு புற்றுநோய்க்கு மட்டும். பித்தப்பைக் கல்லுக்குச் சில சின்னத் துளைகள் போட்டுச் செய்யும் முறை நன்றாகப் பழகிப்போன முறை. நோவும் குறைவு, வீட்டுக்கும் கெதியாக வரலாம். நான் சொல்வது இவ்வளவுதான்: காயம் சின்னதா பெரிசா என்று பார்த்து முடிவு எடுக்காதீர்கள். எந்த வருத்தத்துக்கு எந்த முறை என்று வைத்தியரிடம் கேட்டு முடிவு எடுங்கள். பெரிய தழும்பு சில நேரம் உயிரைக் காக்கிறது.

ஒப்பரேஷன் என்று சொன்னால் நீங்கள் கேட்க வேண்டியவை

1. எனக்கு என்ன வருத்தம்? ஒப்பரேஷன் செய்யாவிட்டால் என்ன ஆகும்?

2. எந்த முறையில் செய்யப் போகிறீர்கள்? ஏன் அந்த முறை?

3. துளை போட்டுத் தொடங்கி இடையில் கஷ்டம் வந்தால், திறந்து செய்வீர்களா? (இப்படி மாற்றுவது தோல்வி அல்ல. பாதுகாப்புக்காகச் செய்வது.)

4. எத்தனை நாளைக்குப் பாரம் தூக்கக் கூடாது? என் வேலை மலையில் கொழுந்து பறித்துக் கூடை சுமப்பது என்பதை நீங்களாகவே சொல்லுங்கள். சொல்லாவிட்டால் அவருக்குத் தெரியாது.

5. இது ஏதாவது பரீட்சையின் பகுதியா? அப்படியென்றால் சேர்வதும் சேராததும் உங்கள் இஷ்டம். சேராவிட்டாலும் உங்களுக்குரிய வைத்தியம் கிடைக்க வேண்டும்.

சம்மதக் கடிதத்தில் கையெழுத்தோ பெருவிரல் அடையாளமோ வைக்கும் முன், தமிழில் வாசித்துச் சொல்லும்படி கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவு இல்லை. 1847 இல் யாழ்ப்பாணம் வந்து, அடுத்த வருஷம் மானிப்பாயில் வைத்தியசாலை தொடங்கிய அமெரிக்க வைத்தியர் சாமுவேல் கிறீன், மேல்நாட்டு வைத்தியத்தைத் தமிழிலேயே கற்பித்தார். சத்திரசிகிச்சைப் புத்தகத்தையும் தமிழில் கொண்டுவந்தார். அத்தனை வருஷத்துக்கு முன்னமே தமிழில் சொல்ல முடிந்ததை இன்றைக்குச் சொல்ல முடியாதா?

ஓய்வும் மருந்துதான்

துளையோ வெட்டோ, வெளித்தோல் ஒன்று இரண்டு கிழமையில் ஆறிவிடும். உள்ளே இருக்கும் தசை சேர்ந்து பலம் பிடிக்க அதை விடக் கூடிய காலம் எடுக்கும். ஆகவேதான் பாரம் தூக்காதே என்று பல கிழமைக்குச் சொல்கிறார்கள். சில வருஷத்துக்கு முன் எங்கள் டிவிஷனில் ஒருவர், தையல் வெட்டி நாலாம் நாள் விறகுக் கட்டு தூக்கினார். வயிற்றில் கட்டி போலத் தள்ளியது. மறுபடி ஒப்பரேஷன், மறுபடி வீட்டில். பத்துப் பேரைக் காப்பாற்றப் போய் இரண்டு மாதப் பேரை இழந்தார்.

வைத்தியர் தரும் லீவுத் துண்டைப் பத்திரமாகக் கொண்டுவந்து ஆபீசில் கொடுங்கள். எங்களிடமும் சொல்லுங்கள். வீட்டு ஆண்கள் தண்ணீர் எடுப்பதையும் விறகையும் அந்தக் காலத்தில் பொறுப்பெடுக்க வேண்டும். காய்ச்சல், காயத்தில் சீழ், நிற்காத வாந்தி, கூடிக்கொண்டு போகும் வயிற்று நோவு, இதில் எது வந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

35 வயதும் 45 வயதும் ஆன சகோதரிகள் வெல் வுமன் கிளினிக்குக்கு மறக்காமல் போய்க் கர்ப்பப்பைக் கழுத்தைப் பரிசோதித்துக் கொள்ளுங்கள். ஆறாம் வகுப்புப் பெண் பிள்ளைகளுக்குப் பாடசாலையில் போடும் தடுப்பூசியையும் தவறவிடாதீர்கள். நேரத்தோடு கண்டுபிடித்தால் பெரிய ஒப்பரேஷனே தேவைப்படாமல் போகலாம்.

பெரட்டில் கேள்வி கேட்ட அக்காவுக்கு என் பதில்: ஒரு துளை என்றாலும் நாலு துளை என்றாலும் மறுநாள் கூடை தூக்க முடியாது. ஆனால் கல்லை வயிற்றில் வைத்துக்கொண்டு தூக்கும் கூடை அதை விட ஆபத்து. மூன்றாவது திகதி வந்திருக்கிறது. இந்த முறை போவதாகச் சொல்லியிருக்கிறார். நானும் கூடப் போகிறேன். உங்களில் யாருக்காவது இப்படித் திகதி கிடைத்துப் போகாமல் இருந்தால், பயத்தை மனதில் வைத்திருக்காமல் எங்களிடம் வந்து சொல்லுங்கள்.

நோயற்ற வாழ்வே குறைவற்ற செல்வம்.