மரம் நிற்காத மண்

மண்ணியல் படித்தவள் நான். எங்கே போனாலும் முதலில் காலடியைத்தான் பார்ப்பேன். தான்சானியாவின் செரங்கெட்டி சமவெளியிலும் அப்படித்தான். மற்றவர்கள் சிங்கத்தைத் தேட, நான் ஓடைக்கரையில் அரிபட்டு நின்ற மண்சுவரைப் பார்த்து வண்டியை நிறுத்தச் சொன்னேன்.

மேலே சாம்பல் நிற மண். அள்ளினால் மாவு போல விரலிடுக்கில் வழிந்தது. புல்வேர்கள் நூல் நூலாய்ப் பின்னிக் கிடந்தன. ஒரு முழம்கூட இறங்கவில்லை, வெள்ளையாய் ஒரு தளம். கல்லால் தட்டினேன்; 'ணங்' என்றது.

இந்த மண் காற்றில் வந்தது. கிழக்கே உள்ள கெரிமாசி, ஓல் டொயின்யோ லெங்காய் எரிமலைகள் கக்கிய சாம்பல், ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக இங்கே படிந்தது. அதில் சோடியம், கால்சியம் கார்பனேட்டுகள் அதிகம். மழை சுண்ணாம்பைக் கரைத்துக் கீழே இறக்குகிறது. ஆனால் இது மலைகளின் மழை மறைவுப் பகுதி. கொஞ்ச ஆழம் போவதற்குள் ஈரம் வற்றிவிடும். சுண்ணாம்பு அங்கேயே உறைந்து கெட்டித் தளமாகிவிடுகிறது. மரவேரால் அதைத் துளைக்க முடிவதில்லை. கண்ணுக்கெட்டிய தூரம் வெறும் குட்டைப் புல்லாக இருப்பதற்கு இதுவே முக்கியக் காரணம்.

மரத்தை விரட்டும் அதே சாம்பல்தான் புல்லுக்குக் கால்சியமும் பாஸ்பரசும் ஊட்டுகிறது. பால் சுரக்கும் தாய்க்கு அவை வேண்டும். பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட வில்டபீஸ்ட் மந்தை கன்று ஈன இங்கே வருவது சும்மா இல்லை.

லெங்காய் 2007 செப்டம்பரிலும் பெரிதாக வெடித்துச் சாம்பல் கக்கியது. அந்த மண் இன்னும் உருவாகிக்கொண்டுதான் இருக்கிறது.