சமையற்கட்டில் இன்றியமையாதவை எவை?

கடன் வசூல் பற்றிய காகிதங்களைப் புரட்டும் உத்தியோகத்தில் நமக்கு மனப்பாடமாகிவிட்ட சட்டப்பிரிவு ஒன்று உண்டு. 1908-ஆம் ஆண்டின் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 60-ஆவது பிரிவே அது. கடனாளியின் வீட்டில் ஜப்தி செய்யலாகாத பொருள்களை அது வரிசைப்படுத்துகிறது. கைத்தொழிலாளியின் கருவிகளும் உழவனின் ஏரும் மாடும் அவ்வரிசையில் இரண்டாவதாகவே வருகின்றன. முதலில் நிற்பவை உடுக்கும் துணி, சமையற் பாத்திரம், படுக்கை. ஆயினும் எல்லாப் பாத்திரங்களுக்கும் அந்தப் பாதுகாப்பு இல்லை. இன்றியமையாதவற்றுக்கு மட்டுமே உண்டு. எவை இன்றியமையாதவை என்று சட்டம் எண்ணிச் சொல்லவில்லை. ஜப்தியின் நிழல்கூடப் படாத இல்லத்திலும் இக்கேள்வியைக் கேட்டுக்கொள்வது நலம் என்பது நம் கருத்து.

சில மாதங்களுக்கு முன் சென்னிமலைப் பக்கம் ஓர் அங்கத்தினரின் இல்லத்திற்குச் சென்றிருந்தோம். அவர் குழித்தறியில் போர்வை நெய்துகொண்டிருந்தார். மனைவியார் அருகில் அமர்ந்து இராட்டையில் தார் சுற்றிக்கொண்டிருந்தார். உலை வைக்கும் நேரம் வந்ததும் அம்மையார் எழுந்து உள்ளே சென்றார். சோற்றுப் பானையை எடுக்க, அதன்மேல் அடுக்கியிருந்த நான்கு பாத்திரங்களை இறக்க வேண்டியிருந்தது. மூடி ஒரு மூலையிலும் கரண்டி எதிர்மூலையிலும் கிடந்தன. கைக்கெட்டும் பலகையிலோ, புளி போட்டுத் துலக்கிய பித்தளைத் தவலை ஒன்று மட்டும் அரசுக்கட்டில் ஏறியதுபோல் வீற்றிருந்தது! இதற்குள் சுற்றிய தார் தீர்ந்து நாடா நின்றுவிட்டது. சமையற்கட்டின் ஒழுங்கின்மை தறியை நிறுத்துவதை அன்று கண்கூடாகக் கண்டோம்.

பிறருக்கு உபதேசிக்கும் தகுதி நமக்கு உண்டா என்றால், இல்லை. பட்டம் பெற்ற மிடுக்கில் ஒரு ஞாயிறன்று நம் வீட்டுப் பாத்திரங்களை உயர வரிசைப்படி அணிவகுத்து நிறுத்தினோம். பார்வைக்கு அழகாகத்தான் இருந்தது. ஆனால் நாள்தோறும் பால் காய்ச்சும் சிறு பாத்திரம் அண்டாவின் பின்னே மறைந்துபோயிற்று. ரசம் வைக்கும் ஈயச்செம்பு எவர்சில்வர் செம்புகளோடு கலந்து நின்றது. மறுநாள் விடியலில் வெந்நீருக்காகக் கைக்கு அகப்பட்டதை அடுப்பேற்றிவிட்டு, நீர் மொள்ளத் திரும்பினோம். செம்பு இருந்த இடத்தில் வெள்ளிக்குழம்பு போல் ஏதோ வழிந்துகொண்டிருந்தது. உள்ளே நீர் கொதிக்கும்வரை செம்பின் சூடு 100 டிகிரியைச் சுற்றியே நிற்கும். வெறுமையாயின் ஏறிக்கொண்டே போகும். வெள்ளீயமோ 232 டிகிரியில் உருகிவிடும். இல்லாள் ஒன்றும் சொல்லவில்லை. செவ்வாய்க்கிழமைக்குள் எல்லாம் பழைய இடத்திற்குத் திரும்பியிருந்தன.

உயரம் பார்த்து அடுக்குவது கடைக்காரர் வழக்கம். இல்லத்தில் எந்தப் பாத்திரம் எத்தனை முறை கைக்கு வருகிறது என்பதே கணக்கு. சோற்றுப் பானை, குழம்புச் சட்டி, வாணலி, தோசைக்கல் ஆகியவை, குனியாமலும் எம்பாமலும் எடுக்கும் உயரத்தில், ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் இருக்கவேண்டும். கரண்டிகள் அடுப்புக்குப் பக்கச் சுவரில் தொங்கலாம். அடுப்புக்கு நேர்பின்னால் கூடாது. எரியும் தீயின்மேல் கை நீட்டும்போது முந்தானை எங்கே செல்லும் என்பதை விளக்க வேண்டியதில்லை. குக்கரின் வெயிட்டையும் வளையத்தையும் குக்கருக்குள்ளேயே போட்டுவைத்தால் தேடும் வேலை மிச்சம். இரும்புச் சட்டியை ஈரம் போகத் துடைத்து, எண்ணெய்த் துணியால் ஒருமுறை தடவி, நீர் சொட்டும் பாத்திரங்களுக்கு எட்டத்தில் வைக்கவேண்டும். ஈயம் தேய்ந்த பித்தளையில் புளிக்குழம்பு வைத்தால் களிம்பேறும். பூச்சு வைக்கும்வரை அதைத் தனியே ஒதுக்குவதே முறை. கனத்த பாத்திரம் எதுவும் தலைக்கு மேலே பரணில் வேண்டாம்.

இவ்வளவையும் மறுமுறை சென்றபோது அந்த அம்மையாரிடம் சொன்னோம். பானையையும் சட்டியையும் பற்றி அவருக்கு ஆட்சேபணை இல்லை. பித்தளைத் தவலையைக் காட்டி, "இது இன்றியமையாததில் சேராதே, அம்மா" என்றோம்.

"நூல் வராத மாசத்துல ரெண்டு தடவை இது அடகுக்குப் போய்த் திரும்பியிருக்குதுங்க" என்றார் அவர்.

நமக்கு மறுமொழி தோன்றவில்லை. தவலையை உள்ளறைப் பெட்டிக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைக்க நாமும் ஒரு கை கொடுத்தோம். காலியான பலகையில் சோற்றுப் பானை ஏறியது.