வெந்நீர்க் கலம்

மார்கழித் திங்களில் தருமபுரி மாவட்டத்தில் குளிர் மிகும். இண்டூர் முதலிய ஊர்களில் முன்னாளில் புறக்கடை அடுப்பில் செப்புத் தவலையை ஏற்றி, விறகெரித்து வெந்நீர் காய்ச்சினர். தவலையின் வாய் திறந்திருந்தமையால் ஆவி தடையின்றி வெளியேறியது. இந்நாளில் பல இல்லங்களில் கீசர் எனப்படும் மின் வெந்நீர்க் கலம் இடம்பெற்றுள்ளது. இது மூடிய கலம். இவ்வேறுபாட்டை உணர்ந்தோரே இதனைத் தீங்கின்றிக் கையாள இயலும்.

சூடேறும் நீர் விரியும். 25 லிட்டர் நீரை 20 பாகை செல்சியசிலிருந்து 60 பாகைக்குச் சூடேற்றினால், அதன் பருமன் ஏறத்தாழ 380 மில்லிலிட்டர் மிகும். அம்மிகை செல்ல வழியில்லையேல் கலத்தினுள் அழுத்தம் ஏறும். அழுத்தம் ஏறினால் கொதிநிலையும் உயரும். திறந்த கலத்தில் 100 பாகையில் கொதிக்கும் நீர், இருமடங்கு அழுத்தத்தில் ஏறத்தாழ 120 பாகையில்தான் கொதிக்கும். அந்நிலையில் கலம் பிளந்தால், நீரின் ஒரு பகுதி நொடியில் ஆவியாகிப் பன்மடங்கு விரிந்து வெடிக்கும்.

இதனைத் தடுப்பது காப்பு வால்வு. 1679ஆம் ஆண்டில் ஆவியழுத்தச் சமையற்கலத்தை அமைத்துக் காட்டிய டெனிசு பாப்பின் என்னும் பிரெஞ்சு அறிஞர், அழுத்தம் மிகும்போது திறந்துகொள்ளும் வால்வையும் அதற்கென வகுத்தார். வீட்டுக் குக்கரின் வால்வும் வெந்நீர்க் கலத்தின் வால்வும் அவ்வழி வந்தவையே. நீர் சூடேறுங்கால் இவ்வால்வில் சில துளிகள் சொட்டுதல் இயல்பு. அதனைக் குறையெனக் கருதிக் குழாயை அடைத்துவிடுவது, வெடியை வீட்டினுள் வைத்துக் காப்பதற்கு ஒப்பாகும். ஓயாது ஒழுகின், அறிந்த பணியாளரை அழைத்துப் பழுதுபார்த்தல் வேண்டும்.

கலத்தில் நீர் நிரம்பி, வெந்நீர்க் குழாயில் சீராக வந்த பின்னரே மின் விசையைப் போடுதல் வேண்டும். வெற்றுக் கலத்தில் விசையைப் போட்டால் சூடேற்றும் கம்பி கருகிவிடும். 60 பாகை வெந்நீர் சில நொடிகளில் தோலைப் புண்ணாக்கும். ஆதலின் வாளியில் தண்ணீரை முதலில் பிடித்து, வெந்நீரைப் பின்னர்க் கலத்தல் நன்று. பாறை நிலமாகிய இம்மாவட்டத்தில் பல இடங்களின் நிலத்தடி நீர் கடினநீர். அது காயும்போது சுண்ணப் படிவு கம்பியிலும் வால்விலும் ஒட்டும். உரிய காலத்தில் அதனை நீக்காவிடின் வால்வு இறுகித் திறவாது போகும்.

பிழைப்பின்பொருட்டு வெளியூர் சென்று வீட்டைத் திங்கட்கணக்கில் பூட்டிவைப்போர் உளர். அவர்கள் மின் விசையை நிறுத்தி, நீர் ஆறியபின், கலத்தை முற்றும் வடித்துவிடுதல் நலம். தேங்கிய வெதுவெதுப்பான நீரில் நோய்க் கிருமிகள் பெருகும். திரும்பியதும் புதுநீர் நிரப்பி, வால்வைச் சோதித்த பின்னரே விசையைப் போடுதல் வேண்டும். குளிர்நாடுகளில், வீடுபோல் அமைந்த ஊர்திகளிலும் வெந்நீர்க் கலம் உண்டு. உறையும் நீர் பருமனில் ஏறத்தாழ 9 விழுக்காடு மிகுந்து கலத்தைப் பிளக்குமாதலின், அங்குள்ளோர் பனிக்காலத்திற்கு முன்னரே நீரை வடித்துவிடுவர்.

சூட்டிலும் விரிவது நீர். உறைவிலும் விரிவது நீர். அதற்கு வழிவிட்டோர் நலம் பெறுவர். வழியை அடைத்தோர் இடர்ப்படுவர்.