கைமாறும் உடுப்பு – 9: சரிகைக்குள் ஒரு தராசு

சென்ற கிழமை கூரியர் கூலியோடு நிறுத்தினேன். முதல் கிலோவுக்கு ஒரே கூலி. ஆகவே ஒற்றைச் சட்டையைத் தனியாக அனுப்புகிறவருக்கு நட்டம், இரண்டைச் சேர்த்து விற்கிறவருக்குப் பிழைப்பு. தொடர்ந்து படிக்கிறவர்களுக்கு இவ்வளவு நினைவூட்டல் போதும்.

இந்தக் கிழமை வெளிநாட்டுச் சூட்கேஸ்களில் வரும் உடுப்புகளுக்கு எப்படி விலை போடுவது என்று எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். அதையே எழுதத் தொடங்குகிறேன். ஆனால் நடுவில் ஒரு பட்டுச்சேலை வந்து என்னைப் பிடித்துக்கொண்டது. அதைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை.

முதலில் சூட்கேஸ். நல்லூர்த் திருவிழாக் காலத்தில் பாரிசிலிருந்தும் லண்டனிலிருந்தும் வரும் சொந்தங்கள் திரும்பிப் போகும்போது பாதிப் பெட்டியை இங்கேயே வெறுமையாக்கிவிட்டுப் போவார்கள். பரந்தன், உருத்திரபுரம், புதுக்குடியிருப்பு என்று எங்கும் அந்த உடுப்புகள் வீடு வீடாகக் கிடக்கின்றன. அளவு சேராதவை, இங்கே உடுக்க முடியாதவை எல்லாம் பேஸ்புக்கில் விற்பனைக்கு வருகின்றன. உருத்திரபுரத்தில் வீட்டிலிருந்தபடியே பாவித்த உடுப்பு விற்கும் ஒரு தங்கச்சி ஒரு மேற்சட்டைக்கு 4,000 ரூபாய் போட்டிருந்தார். ஏன் 4,000 என்று கேட்டேன். "அண்ணா, அங்க 20 யூரோவாம். 350ஆல பெருக்குங்கோ, 7,000 வருது. நான் பாதிக்குக் கிட்டத்தானே கேக்கிறன்?"

கணக்கில் பிழை இல்லை. தொடங்கிய இடம்தான் பிழை. வாங்க வருகிற பெண் பாரிஸ் கடைக்குப் போகப்போவதில்லை. கிளிநொச்சிச் சந்தைக்குப் போகப்போகிறார். அங்கே அதேபோன்ற புதுச்சட்டை 2,000 ரூபாய்க்குக் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். புதுசு 2,000 என்றால், ஒருவர் உடுத்திய சட்டை 4,000க்கு எப்படிப் போகும்? துணி நிச்சயமாக உயர்ந்ததென்றால் 1,500 வரை போகலாம், இல்லையென்றால் 1,000. அதற்குள்தான் கூரியர் கூலியும் வரவேண்டும். விலை போடும்போது கைக்கு எட்டும் தூரத்திலுள்ள புதுசிலிருந்து கீழே இறங்கி வாருங்கள். தூரதேசத்து விலைச்சீட்டிலிருந்து இறங்காதீர்கள்.

அந்தத் தூரதேசத்திலேயே பழைய உடுப்பின் விலை என்னவென்று பார்த்தால் இன்னும் தெளியும். பிரான்சில் பழைய உடுப்பு விற்கிறவர்கள் பெரும்பாலும் போவது விண்டெட் என்ற தளத்துக்கு. 2008இல் லித்துவேனியாவின் வில்னியஸ் நகரில் அதைத் தொடங்கினார்கள். மில்டா மிட்குட்டே என்ற பெண் வீடு மாறியபோது உடுப்புகள் மிஞ்சிப்போயின. அவற்றைக் கழிக்க ஒரு நண்பரோடு சேர்ந்து அமைத்த இணையப்பக்கம்தான் இப்படி வளர்ந்தது. 2016இல் நிறுவனம் தள்ளாடியபோது விற்பவரிடம் கட்டணம் வாங்குவதை விட்டுவிட்டு, வாங்குபவரிடம் மட்டும் ஒரு தொகை எடுக்கத் தொடங்கினார்கள். அதன்பிறகு அலுமாரிகளெல்லாம் திறந்துகொண்டன. எல்லாரும் விற்கும் இடத்தில் விலை தாழும். கடையில் 20 யூரோவுக்கு வாங்கிய சட்டையை உங்கள் மச்சாளே அங்கே ஐந்தாறு யூரோவுக்குப் போட்டிருப்பார். அந்த ஐந்தாறு யூரோதான் அதன் உண்மையான வெளிநாட்டு விலை.

இன்னொன்றும் சொல்லவேண்டும். அந்தச் சட்டைகளில் சிலவற்றின் கழுத்துப் பட்டியில் இலங்கையில் தைத்தது என்று இருக்கும். கிளிநொச்சியில் மாஸ் நிறுவனத்தின் விடியல், வானவில் ஆலைகள் இருக்கின்றன. வவுனியாவில் முன்பு கல்செடோனியா என்ற பெயரிலிருந்த இத்தாலியக் குழுமத்துக்குச் சொந்தமான ஒமேகா லைன் இருக்கிறது. விடியற்காலையில் ஏ9 வீதியில் ஆலைப் பேருந்துக்காக நிற்கும் பிள்ளைகளின் கைபட்ட துணி கடல் கடந்து, யாரோ உடுத்து, மறுபடி இந்த வீதிக்கே வந்து சேர்வது நடக்கக்கூடியதுதான். எந்த ஆலை என்று பட்டி சொல்லாது. ஆனால் தையல் தெரிந்த பிள்ளை உள்பக்கத்தைத் திருப்பிப் பார்த்த உடனே தரத்தைச் சொல்லிவிடுவாள். அப்படி ஒருத்தி வீட்டில் இருந்தால், விலை போடுமுன் அவளிடம் காட்டுங்கள்.

இப்போது எனக்கு மிகவும் மனவருத்தம் தரும் ஒரு பழக்கம்: "விலை இன்பொக்ஸில்." பொருளின் படத்தைப் போட்டு விலையை மறைப்பது. ஈபேயில் விற்றுமுடிந்த பொருள்களை மட்டும் தனியாகப் பிரித்துப் பார்க்க வழியுண்டு. எது என்ன விலைக்குப் போனது என்று யாரும் அறியலாம். நம் பேஸ்புக் குழுக்களிலும் ஐக்மன் தளத்திலும் நாம் பார்ப்பதெல்லாம் கேட்கும் விலை. விற்ற உடனே விளம்பரம் மறைகிறது, விற்ற விலையும் அதோடு போய்விடுகிறது. அதனால் புதிதாக விலை போட வருகிறவர் கண்ணில் படுவது பெரும்பாலும் விற்காமல் தேங்கிய விலைகள்தான். அதைப் பார்த்து அவரும் கூட்டிப் போடுகிறார், அதுவும் தேங்குகிறது. இதற்கு ஒரு கொப்பி போதும். பொருள், கேட்ட விலை, போன விலை, எத்தனை நாள் கிடந்தது என்று நாலு கோடு. ஆறு மாதம் எழுதினால் கிளிநொச்சிக்கு என்று ஒரு விலைப்பட்டியல் உங்கள் கையில் இருக்கும். அது வேறெங்கும் கிடைக்காது.

இனி அந்தச் சேலை.

அதே தங்கச்சியிடம் அயல்வீட்டு அம்மா ஒருவர் காஞ்சிபுரப் பட்டு ஒன்றைக் கொடுத்து விற்றுத்தரச் சொல்லியிருந்தார். இந்தியாவிலிருந்த சொந்தக்காரர் கொடுத்த சேலையாம். 2009இல் உடுத்த துணியோடு மெனிக்பாம் முகாமுக்குப் போய்ச் சேர்ந்த குடும்பங்கள் நிறைந்த ஊர் இது. பழைய பட்டு என்று ஒன்று வீட்டில் இருப்பதே அரிது. தங்கச்சி 6,000 போடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தார். பொறுங்கள், முதலில் சரிகையைப் பார்ப்போம் என்றேன்.

அசல் சரிகை என்பது பட்டுநூலின் மேல் வெள்ளித் தகட்டிழையைச் சுற்றிப் பொன்முலாம் பூசியது. காஞ்சிபுரத்தில் 1971இல் தொடங்கிய தமிழ்நாடு சரிகை ஆலை என்ற அரசு நிறுவனம் தன் சரிகைக்குச் சொல்லும் அளவு இது: நூற்றுக்கு 40 பங்கு வெள்ளி, 35.5 செம்பு, 24 பட்டு, 0.5 பொன். இந்த நான்கு எண்ணையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டே இருந்தேன். 40ஐ 0.5ஆல் வகுத்துப் பாருங்கள். 80 வரும். அதாவது பொன்னின் விலை வெள்ளியைப்போல் 80 மடங்காக இருக்கும் நாளில், அந்தச் சரிகையிலுள்ள அரை வீதப் பொன்னும் நாற்பது வீத வெள்ளியும் ஒரே மதிப்பு! 2025 ஒக்டோபர் இரண்டாம் கிழமையில் பொன் அவுன்ஸ் 4,000 டொலரைத் தாண்டியது. அதே கிழமை வெள்ளி 50 டொலரைத் தாண்டியது. 4,000ஐ 50ஆல் வகுத்தால் 80. அந்தக் கிழமை இந்த அளவுச் சரிகை ஒவ்வொன்றிலும் தராசின் இரு தட்டும் ஏறத்தாழச் சரியாக நின்றிருக்கின்றன. கண்ணுக்குத் தெரியாத அந்த மெல்லிய பூச்சு, உள்ளேயுள்ள வெள்ளி முழுவதற்கும் ஈடாக நின்றது. இதைக் கண்டுபிடித்த இரவு எனக்கு நித்திரை வரவில்லை.

தொகையாகவும் பார்ப்போம். சரிகையை மார்க் என்ற கணக்கில் நிறுப்பார்கள். ஒரு மார்க் 242 கிராம். கனத்த கல்யாணச் சேலையில் ஒரு மார்க் ஏறியிருக்கிறது என்று வைத்தால் வெள்ளி ஏறத்தாழ 97 கிராம், பொன் 1.2 கிராம். அந்த ஒக்டோபர் விலையில் ஒவ்வொன்றும் 155 டொலர், இரண்டும் சேர்ந்து 310 டொலர். டொலர் 300 ரூபாய் என்று வைத்தாலும் 93,000 ரூபாய். உருக்கும் செலவு, சேதாரம், வாங்குகிறவரின் இலாபம் எல்லாம் கழித்தால் கைக்கு வருவது நன்றாகவே குறையும். ஆனாலும் 6,000 எங்கே, இது எங்கே!

தமிழ்நாட்டு ஊர்களில் "பழைய பட்டுச்சேலை வாங்கப்படும்" என்ற பலகை கடைத்தெருவில் தொங்குவது இதனால்தான். அவர்கள் வாங்குவது உலோகத்தை. துணியை எரித்து உலோகத்தைப் பிரித்தெடுப்பார்கள். முந்தியெல்லாம் பழைய துணிக்கு எவர்சில்வர்ப் பாத்திரம் கொடுக்கத் தெருவில் வருகிறவர்களும், பட்டு என்றால் கரையை விரலால் தேய்த்துப் பார்த்த பின்புதான் எந்தச் சட்டி என்று சொல்வார்கள்.

வெள்ளி இப்படி 50 டொலரைத் தொட எத்தனித்தது முன்பும் உண்டு. 1980 ஜனவரியில், டெக்சாஸ் மாநிலத்து ஹண்ட் சகோதரர்கள் உலகத்து வெள்ளியையெல்லாம் வாங்கிக் குவித்தபோது, அது 50 டொலரை நெருங்கியது. அதே வருடம் மார்ச் 27ஆம் திகதி 11 டொலருக்கும் கீழே விழுந்தது. அந்த ஜனவரியில் பொன் 850 டொலர். வெள்ளியைப்போல் 17 மடங்குதான். இதே அளவுச் சரிகையை அன்று நிறுத்திருந்தால், வெள்ளியின் மதிப்பு பொன்னைப்போல் ஏறத்தாழ ஐந்து மடங்காக இருந்திருக்கும். ஒரே சேலை, அதற்குள் எது கனம் என்பது வருடத்துக்கு வருடம் மாறுகிறது. ஆகையால் போன வருடம் யாரோ சொன்ன விலையை இந்த வருடம் நம்பவேண்டாம். விற்கிற அன்றைக்கு நகைக்கடையில் இரண்டு உலோகத்தின் விலையையும் கேளுங்கள்.

இந்தக் கணக்கு அசல் சரிகைக்கு மட்டும் பொருந்தும் என்பதை அழுத்திச் சொல்லவேண்டும். சந்தையில் காஞ்சிபுரம் என்ற பெயரில் விற்கும் சேலைகளில் செம்புக் கம்பிமேல் மெல்லிய வெள்ளி பூசியவையும், வெறும் பிளாஸ்டிக் இழையும் ஏராளம். சோதிக்க எளிய வழி இருக்கிறது. தலைப்பின் ஓரத்தில், கண்ணுக்குப் படாத இடத்தில், சரிகை நூல் ஒன்றை எடுத்து நகத்தால் சுரண்டுங்கள். உள்ளே சிவப்புப் பட்டுநூல் தெரிந்தால் அசல் என்று நம்பலாம். வெள்ளையோ வேறு நிறமோ தெரிந்தால், அது துணியின் விலைக்குத்தான் போகும். உறுதியாகத் தெரியவேண்டுமென்றால் உலோகச் சோதனைக் கருவியுள்ள நகைக்கடையில் காட்டலாம். உருத்திரபுரத்துச் சேலையில் சிவப்பு தெரிந்தது. தங்கச்சி அந்த அம்மாவை உடனே கூப்பிட்டுவிட்டார்.

சிவப்பு தெரிந்ததற்காக உருக்கக் கொடுக்கவேண்டும் என்று சொல்லவில்லை. உடுக்கக்கூடிய சேலையை எரிப்பது எனக்குப் பொறுக்காது. உலோக விலை என்பது இதற்குக் கீழே இறங்கமாட்டேன் என்று சொல்வதற்கான அடிவிலை. அதற்கு மேலே எவ்வளவு போடலாம் என்பதைத் துணி சொல்லும். சேலையை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து மடிப்புக் கோடுகளைப் பாருங்கள். வருடக்கணக்காக ஒரே மடிப்பில் கிடந்த பட்டு அந்தக் கோட்டில்தான் முதலில் விடும். சரிகை கறுத்திருக்கிறதா, பூச்சி உருண்டை பட்டிருக்கிறதா, உள்ளே ஃபோல்ஸ் தைத்த இடத்தில் நூல் இழுத்திருக்கிறதா என்றும் பாருங்கள். மடிப்பு உறுதியாக இருந்தால், இதேபோன்ற புதுச்சேலையின் விலைக்கும் அடிவிலைக்கும் இடையில் நடுவாக நில்லுங்கள். மடிப்பு விட்டிருந்தால் அடிவிலையோடு நில்லுங்கள். சுரண்டிய நூலையும் மடிப்பையும் கிட்டவாகப் படம் எடுத்துப் போடுங்கள், விலையையும் அதிலேயே எழுதுங்கள். குறையைக் காட்டிய விற்பனையாளரிடம் "கடைசி விலை என்ன?" என்று இழுப்பவர்கள் குறைவு.

அந்த அம்மா ஏன் விற்கிறார் என்று நான் கேட்கவில்லை, தங்கச்சிதான் சொன்னார்: "கிழமைக்கு லோன் கட்டவேணும் அண்ணா." வன்னியில் இதற்கு விளக்கம் தேவையில்லை. 2018இல் வறட்சி பாதித்த மாவட்டங்களில் ஒரு லட்சம் ரூபாய்க்கு உட்பட்ட பெண்களின் நுண்கடன்களில் நிலுவையில் நின்றவற்றை அரசாங்கமே தள்ளுபடி செய்யவேண்டி வந்தது. அவ்வளவுக்கு அந்தக் கடன் ஊரைப் பிடித்திருந்தது. கட்டவேண்டிய நாள் நெருங்க நெருங்க விலை இறங்கும். இதை வாங்குகிறவர்களும் நன்றாக அறிவார்கள். கடன்நாளுக்கு முதல்நாள் பட்டுச்சேலையைப் படம் எடுக்காதீர்கள். அந்தக் கிழமைக்குச் சூட்கேஸ் சட்டைகளை இரண்டிரண்டாகச் சேர்த்து 1,800, 2,000 என்று விட்டுத் தவணையைக் கட்டுங்கள். சேலை ஒரு மாதம் கிடக்கட்டும். கொழும்பிலோ யாழ்ப்பாணத்திலோ அதன் அருமை தெரிந்த ஒருவர் கண்ணில் படுவதற்கு அந்த ஒரு மாதம் வேண்டும். அந்த அம்மாவுக்கும் இதைத்தான் சொல்லி அனுப்பியிருக்கிறோம்.

சிறுவர் உடுப்புக்கு இந்தக் கிழமை இடமில்லாமல் போய்விட்டது. அடுத்த கிழமை அதோடுதான் தொடங்குவேன், அதிலும் பாடசாலைச் சீருடையோடு. 1993 முதல் அரசாங்கம் சீருடைத் துணியை இலவசமாகக் கொடுத்துவருகிறது. துணிக்கு விலையில்லை, தையற்கூலிக்கு மட்டும் விலை என்றால், ஒரு வருடம் போட்ட வெள்ளைச் சட்டைக்கு என்ன கேட்பது? தரம் 5இலிருந்து 6க்குப் போகும் பிள்ளையின் சட்டையை நீங்கள் என்ன விலைக்கு வாங்கினீர்கள், விற்றீர்கள் என்று எழுதி அனுப்புங்கள். கேட்ட விலை வேண்டாம், போன விலை வேண்டும்.