நோவுக் குளிசையும் மருந்துக்கடைத் தகராறும்

"போன மாதம் இதே துண்டுக்குத் தந்தீர்கள்தானே? இப்போது மட்டும் ஏன் தர ஏலாது?" மருந்துக்கடைகளில் எழும் சச்சரவுகளில் பெரும்பாலானவை இந்தக் கேள்வியோடுதான் தொடங்குகின்றன. கேட்பவர் முதுகு நோவோடு பஸ் ஏறி வந்தவர். மறுப்பவர் தமது அனுமதிப்பத்திரத்தைக் காக்க வேண்டியவர். இருவர் பக்கமும் நியாயம் உண்டு. ஆனால் இருவருக்கும் பொதுவான மொழி பல வேளைகளில் இருப்பதில்லை.

வயலையும் தோட்டத்தையும் விட்டு இடம்பெயர்ந்து, மடுல்கெல்ல, பன்வில, வத்தேகமப் பக்கங்களில் லயத்து அறையிலோ உறவினர் வீட்டிலோ தங்கியிருக்கும் குடும்பங்களுக்கு இச்சிக்கல் இரட்டிப்பாகிறது. கிளினிக் கொப்பி பழைய ஊரில். வைத்தியரும் பழைய ஊரில். கையில் இருப்பது மடிந்து கிழிந்த ஒரு துண்டு மட்டுமே. மண்வெட்டி பிடித்தும், மருந்துத் தாங்கியை முதுகில் சுமந்தும் தேய்ந்த உடம்போ நோவை மறப்பதில்லை. ஆகவே இவ்விடயத்தை நாம் சற்று விளக்கமாகப் பார்ப்போம்.

மருந்தாளர் ஏன் மறுக்கிறார்?

இலங்கையில் மருந்து விற்பனை 1980ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இருந்தது. அதற்குப் பதிலாக 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் வந்து, தேசிய மருந்துகள் ஒழுங்குறுத்தல் அதிகாரசபை அமைக்கப்பட்டது. அபின் சார்ந்த மருந்துகளுக்கு 1929ஆம் ஆண்டின் 17ஆம் இலக்க நஞ்சுகள், அபின், அபாயகர ஒளடதங்கள் கட்டளைச் சட்டமும் உண்டு.

நோவு மருந்துகளை நம் வசதிக்காக மூன்று வகையாகப் பிரித்துக்கொள்ளலாம். முதலாவது, பரசிற்றமோல். பனடோல் என்று நாம் சொல்வது இதைத்தான். இதற்குத் துண்டு வேண்டியதில்லை. இரண்டாவது, வைத்தியரின் துண்டோடு மட்டுமே கொடுக்க வேண்டியவை. ட்ரமடோல், பிரிகபலின் போன்றவை இதில் சேரும். மூன்றாவது, மோர்பின் போன்ற கடுங்கட்டுப்பாடுள்ள மருந்துகள். துண்டின்றி இரண்டாம் வகையைக் கொடுக்கும் கடைகளும் உண்டு என்பது உண்மையே. ஆனால் ஒரு கடை கொடுத்தது மற்றக் கடை மறுப்பதைத் தவறாக்காது. மறுப்பவரே சட்டப்படி நடப்பவர்.

துண்டில் எழுதியிருப்பது என்ன?

பாதித் தகராறுகள் துண்டை வாசிக்கத் தெரியாததால் எழுகின்றன. இலங்கை வைத்தியர்கள் நாட்கணக்கைப் பின்னமாக எழுதுவது வழக்கம். 5/7 என்றால் கிழமையின் ஏழு நாட்களில் ஐந்து, அதாவது ஐந்து நாட்களுக்கு. 2/52 என்றால் வருடத்தின் 52 கிழமைகளில் இரண்டு, அதாவது இரண்டு கிழமைகளுக்கு. 1/12 என்றால் ஒரு மாதத்துக்கு. பி.டி. என்றால் நாளுக்கு இரண்டு முறை. ரி.டி.எஸ். என்றால் மூன்று முறை. எஸ்.ஓ.எஸ். என்றால் நோவு இருந்தால் மட்டும்.

ஒரு கணக்கைப் பாருங்கள். ஒருவருக்கு நாளுக்கு இரண்டு குளிசை வீதம் 2/52 என்று எழுதப்பட்டுள்ளது. 14 நாட்களுக்கு 28 குளிசைகள். நோவு தாங்காமல் அவர் நாளுக்கு மூன்று எடுத்தால் பத்தாம் நாளிலேயே முடிந்துவிடும். அன்றைக்கே அவர் கடைக்கு வருகிறார். மருந்தாளர் துண்டின் பின்புறத் திகதியைப் பார்த்து, "இன்னும் நான்கு நாள் இருக்கிறதே" என்கிறார். அவர் கேட்பது குற்றச்சாட்டு அல்ல, கணக்கு. அப்போது சொல்ல வேண்டியது, "தொலைந்துவிட்டது" என்ற பொய்யல்ல. "எழுதிய அளவு நோவுக்குக் காணாது" என்ற உண்மையே. அந்த உண்மை கேட்கப்பட வேண்டிய இடம் வைத்தியரின் அறை. மருந்தாளர் தம் விருப்பப்படி அளவைக் கூட்ட முடியாது.

வேறொரு காரணமும் உண்டு. காசு போதாமல் துண்டில் உள்ளதில் பாதியை மட்டும் வாங்குகிறோம். அடுத்த முறை போனால், "கொடுத்தாயிற்று" என்கிறார்கள். பாதி வாங்கும்போதே, எத்தனை கொடுத்தார்கள், எத்தனை மீதி என்று துண்டில் எழுதித் தரும்படி கேளுங்கள். கடை முத்திரையும் திகதியும் இருக்கட்டும். அந்த ஒரு வரி, பின்னர் வரும் பல சச்சரவுகளைத் தவிர்க்கும்.

கூடுதலாக எடுத்தால் என்ன?

பனடோலும் விளையாட்டுப் பொருள் அல்ல. 500 மில்லிகிராம் குளிசையில், சுகதேகியான வளர்ந்தவர் ஒருவர் 24 மணித்தியாலத்தில் எட்டுக்கு மேல் எடுக்கக்கூடாது. மெலிந்தவர்களுக்கும் ஈரல் நோயாளருக்கும் அதுவும் கூடுதல். தடிமன் மருந்துகள் பலவற்றிலும் பரசிற்றமோல் கலந்திருக்கிறது. இரண்டையும் சேர்த்து எடுத்தால் அளவு மீறிவிடும். ஈரல் பழுதடைவது முதல் நாளிலேயே வெளியே தெரிவதில்லை.

டைக்ளோபெனக், இபுபுரோபன் போன்றவை வீக்கத்தை நன்றாகக் குறைக்கும். ஆனால் வயிற்றில் புண்ணை உண்டாக்கும், இரத்தம் கசியச் செய்யும், சிறுநீரகத்தைத் தாக்கும். வெயிலில் வேலை செய்து வியர்த்து, போதிய தண்ணீர் குடிக்காத விவசாயிக்கு இந்த ஆபத்து அதிகம். வடமத்திய மாகாணத்தில் 1990கள் முதல் விவசாயிகளைப் பீடித்துவரும் சிறுநீரக நோயை நம்மில் பலர் அறிவோம். அப்பகுதிகளிலிருந்து வந்தவர்கள், இரத்த அழுத்தமோ நீரிழிவோ உள்ளவர்கள், கர்ப்பிணிகள் இக்குளிசைகளை வைத்தியரைக் கேளாமல் எடுக்கவே கூடாது. டெங்கு என்று சந்தேகமுள்ள காய்ச்சலிலும் இவற்றைத் தொடக்கூடாது; இரத்தக் கசிவு கூடும்.

ட்ரமடோல் வேறு விதம். நாள் செல்லச் செல்ல உடம்பு பழகிவிடும். அதே அளவு போதாமற் போகும். திடீரென நிறுத்தினால் வியர்வை, நடுக்கம், நித்திரையின்மை, உடம்பு உளைச்சல் வரலாம். இது அந்த மனிதரின் ஒழுக்கக்கேடு அல்ல, மருந்தின் இயல்பு. அவரை ஏசுவதால் பயனில்லை. வைத்தியரின் மேற்பார்வையில் படிப்படியாகக் குறைக்கலாம். சாராயம் அல்லது கசிப்போடு சேர்த்து எடுத்தால் மூச்சு அடங்கிப் போகும் ஆபத்து உண்டு.

நோவையும் புறக்கணிக்கலாகாது

அப்படியென்றால் நோவைத் தாங்கிக்கொள்ளத்தான் வேண்டுமா? இல்லை. கட்டுப்பாடு மிஞ்சினாலும் மக்கள் துன்புறுவர் என்பதற்கு இந்தியா சான்று. அங்கே 1985இல் வந்த போதைப்பொருள் சட்டத்தின் கடுமையால், மருந்துக்கான மோர்பின் கிடைப்பதே அரிதாயிற்று. புற்றுநோயாளர் வலியோடு மடிந்தனர். 1993இல் கேரளத்தின் கோழிக்கோட்டில் டாக்டர் எம்.ஆர். ராஜகோபாலும் தோழர்களும் நோவு தணிப்புப் பணியைத் தொடங்கினர். முறையாகப் பதிவு வைத்து, நோயாளருக்கு மோர்பினை வீட்டிலேயே பாதுகாப்பாகக் கொடுக்கலாம் என்பதைச் செய்துகாட்டினர். 2014இல் அச்சட்டமும் திருத்தப்பட்டது.

அமெரிக்காவில் நடந்தது இதற்கு மறுபக்கம். 1996இல் ஒக்சிகொன்ரின் என்ற பலமான குளிசை சந்தைக்கு வந்தது. அபின் சார்ந்த மருந்துகள் தாராளமாக எழுதப்பட்டன. பெருந்தொகையானோர் அடிமையாகி மாண்டனர். 2016இல் அரசின் நோய்க் கட்டுப்பாட்டு நிலையம் வைத்தியர்களுக்கு வழிகாட்டல் வெளியிட்டது. சிலர் அதைக் கண்ணை மூடிக்கொண்டு பின்பற்றி, நீண்டகால நோயாளரின் மருந்தைத் திடீரென நிறுத்தினர். 2022இல் அவ்வழிகாட்டலையே திருத்தி, அப்படி நிறுத்தலாகாது என்று விளக்க வேண்டியதாயிற்று. தாராளமும் ஆகாது, கண்மூடித்தனமான மறுப்பும் ஆகாது.

நாம் செய்யக்கூடியவை

1. இடம்பெயரும்போது அடையாள அட்டையோடு கிளினிக் கொப்பியையும் நோய் நிர்ணய அட்டையையும் எடுத்துக்கொள்ளுங்கள். பிரதியொன்றை உறவினரிடம் வையுங்கள். கைத்தொலைபேசியில் படமெடுத்து வைப்பதும் நல்லது.

2. கொப்பி இல்லாவிட்டாலும் மனந்தளர வேண்டாம். அரச வைத்தியசாலையில் வெளிநோயாளர் பிரிவு இலவசம். மடுல்கெல்ல வைத்தியசாலைக்குச் சென்று, பழைய குளிசை உறையைக் காட்டி, புதிய கொப்பி திறக்கக் கேளுங்கள். மேலதிக பரிசோதனை தேவைப்பட்டால் கண்டிக்கோ பேராதனைக்கோ கடிதம் தருவார்கள்.

3. குளிசை முடியும் நாளில் அல்ல, ஒரு கிழமைக்கு முன்பே போங்கள். மருந்து கையிருப்பு இல்லாமற் போவதும் உண்டு. 2022ஆம் ஆண்டின் நெருக்கடியில் வைத்தியசாலைகளிலேயே மருந்து தட்டுப்பட்டதை நாம் மறக்கவில்லை.

4. விலை கூடிய பெயரையே கேட்க வேண்டாம். மருந்தின் பொதுப்பெயரைக் கேளுங்கள். பேராசிரியர் சேனக பிபிலேயின் முயற்சியால் 1971இல் உருவான அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் இந்த நோக்கத்துக்கானதே. அதன் ஒசுசல கடை கண்டி நகரில் உண்டு.

5. உறையில் சிங்களத்தில் எழுதியிருந்தால், "காலை எத்தனை, இரவு எத்தனை, சாப்பாட்டுக்கு முன்னா பின்னா?" என்று கேட்டு, அங்கேயே தமிழில் எழுதிக்கொள்ளுங்கள். தேவைப்பட்டால் இரு மொழியும் தெரிந்த பள்ளிப் பிள்ளையைக் கூட்டிச் செல்லுங்கள்.

6. மறுக்கப்பட்டால் சத்தமிடாமல் மூன்று கேள்விகள் கேளுங்கள்: மறுப்பதற்குக் காரணம் என்ன? எந்த நாளில் தரலாம்? அதுவரை நோவுக்கு என்ன செய்யலாம்? நல்ல மருந்தாளர் மூன்றுக்கும் பதில் சொல்வார்.

7. அயலவரின் துண்டில் மருந்து வாங்க வேண்டாம். உங்கள் குளிசையை அவருக்குக் கொடுக்கவும் வேண்டாம். அவருக்குச் சுகம் தந்தது உங்கள் சிறுநீரகத்துக்கு நஞ்சாகலாம்.

இன்னொரு எச்சரிக்கையும் தேவை. முதுகு நோவோடு கால் மரத்துப்போதல், சிறுநீரை அடக்க முடியாமை, விடாத காய்ச்சல், காரணமின்றி மெலிதல் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும், குளிசை எடுத்தபின் மலம் தார்போலக் கறுத்தாலும், மருந்துக்கடைக்கு அல்ல, உடனே வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். 1990 என்ற இலக்கத்தை அழைத்தால் இலவச அம்புலன்ஸ் வரும்.

நிலத்தை இழந்த குடும்பத்துக்கு மிஞ்சியிருக்கும் முதல் உழைக்கும் உடம்புதான். விதைநெல்லைக் காப்பதுபோல் அந்தத் துண்டையும் கொப்பியையும் காத்துக்கொள்வோம். இதை வாசித்தவர்கள், வாசிக்கத் தெரியாத அயலவருக்கு அவருடைய துண்டில் உள்ள 5/7, 2/52 என்பவற்றின் பொருளை இன்றே சொல்லிக்கொடுங்கள்.